ட, ப, ம முதல் பட்டாபிராம் வரை

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் புரிந்து படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025க்குள் கற்றிருக்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. மத்திய அரசு ‘நிபுண் பாரத்’ திட்டத்தில் இதே வேலைக்கு 2026-27 வரை காலம் வைத்திருந்தது. தமிழ்நாட்டுக்கு அவசரம் அதிகமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1இல்தான். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அதுவரை அது வகுப்பறையில் கழித்தது சில மாதங்கள் மட்டுமே.

அந்த இழப்பு எவ்வளவு, எவ்வளவு மீண்டது என்பதை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. அதே தெருவில் வீடுள்ள ஒரு பெண், பள்ளி முடிந்து வந்த பிள்ளைகளைத் தன் வீட்டு வாசலில் உட்கார்த்திவைத்துப் படிக்க வைத்ததன் பலன் அது.

ஆனால் வாசிப்பு பற்றிய கேள்வி கொரோனாவுக்கு முந்தையது. குழந்தைகளின் வாசிப்பை அளக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பின்படி 2018இலேயே தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படித்தார்கள். 2022இல் அது 25 ஆகச் சரிந்தது. பிறகு மெல்ல ஏறிவருகிறது. அசர் செல்வது கிராமங்களுக்கு மட்டும் என்பதால் அம்பத்தூரும் ஆவடியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூர், 2019இல் தனி மாநகராட்சியான ஆவடி, நெடுஞ்சாலையோரம் விரிந்துகொண்டே போகும் பூந்தமல்லி என இந்தப் புறநகர்ப் பட்டையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எப்படிப் படிக்கத் தொடங்குகிறது என்பதை, கணக்கெடுப்பை விட்டுவிட்டு, கற்றலின் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே பள்ளி மூன்று வயதில் தொடங்கிவிடுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளையை எங்காவது பத்திரமாக விட்டாக வேண்டும். தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளி இருக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளையின் பையில் நாலுகோடு நோட்டும் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கூடவே அ, ஆ, இ, ஈ என்று வீட்டுப்பாடம் வருகிறது. விரல்களின் நுண்தசை இன்னும் முறுக்கேறாத வயது. பென்சிலை முஷ்டியால் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே பக்கத்தை நிரப்பும் குழந்தையை இந்தப் பகுதியில் எந்தக் குடியிருப்பிலும் மாலை ஏழு மணிக்குப் பார்க்கலாம்.

இதற்குப் பெற்றோரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கட்டணம் கட்டும் வீட்டுக்குப் பிள்ளை படிக்கிறது என்பதற்குக் கையில் கிடைக்கும் சான்று நோட்டு ஒன்றுதான். ஆசிரியை இன்று ஒரு கதை சொன்னார், பிள்ளைகள் அதை நடித்துக் காட்டினார்கள், ‘லட்டு, தட்டு, பட்டு’ என்று ஓசை ஒத்த சொற்களைத் தேடிச் சிரித்தார்கள் என்றால், அது எந்தத் தாளிலும் பதிவாகாது. காகிதத்தில் தெரியும் வேலை, தெரியாத வேலையின் நேரத்தைத் தின்றுவிடுகிறது. சிறு வயது எழுத்தறிவின் எல்லாச் சிக்கல்களுக்கும் அடியில் இதுவே கிடக்கிறது. காகிதத்தில் தெரியாத அந்த வேலைதான் பின்னாளில் வாசிப்பாக மாறுகிறது.

தமிழ் எழுத்து எவ்வளவு காலம் கேட்கும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவசரம் எங்கே தவறுகிறது என்பது தெரியும். நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். அவற்றை 247 தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஆய்தம், துணைக்கால், கொம்புகள், புள்ளி என்று சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டும் முறை எல்லா இடத்திலும் சீராக இல்லை. கா, டா, மா என்பதில் துணைக்கால் வலப்பக்கம் நிற்கிறது. கெ, கே, கை என்பதில் குறி இடப்பக்கம் போய்விடுகிறது. க் என்ற ஒலிக்குப் பிறகு வரும் எ ஒலி, தாளில் க-வுக்கு முன்னே நிற்கிறது. கொ, கோ என்றால் இரு பக்கமும். கௌ எழுதினால் வலப்பக்கம் வருவது ள என்ற தனி எழுத்தா, குறியா என்று பெரியவரே ஒரு கணம் தயங்குவார். உகர வரிசையோ தனி உலகம்: கு, சு, டு, து, மு, ணு, று ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எது ‘உ’வின் அடையாளம் என்று குழந்தை கேட்பது நியாயமான கேள்வி.

பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்கள் போயின. அதற்குப் பின் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பாரம் கொஞ்சம் குறைந்தது. உகர, ஊகார வரிசைகளை அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை.

இந்தப் பாரத்தின் அளவு சரியாகப் புலப்படும் ஓர் இடம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது. பார்வையற்ற குழந்தைகளுக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக அங்கே இயங்குகிறது. அங்கு விரல் நுனியால் படிக்கும் குழந்தை கற்பது 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயில். அதில் ‘கெ’ எழுத முதலில் க, அடுத்து எ. ‘கு’ எழுத க, அடுத்து உ. ‘கொ’வுக்கு க, ஒ. ஒலி எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் புள்ளிகள். முன்னே தாவும் கொம்பும் இல்லை, வடிவம் மாறும் உகரமும் இல்லை. அந்தக் குழந்தைக்கு வேறு சிரமங்கள் மலையளவு இருக்கின்றன. ஆனாலும் எழுத்துகளின் அமைப்பு என்ற ஒரு விஷயத்தில், கண் தெரியும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சுமப்பது அதைவிடக் கூடுதல்.

கன்னடக் குழந்தைகள் எழுத்து கற்கும் வேகத்தைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் எழுத்துகளை அடையாளம் காண்பது ஓராண்டு வேலை. கன்னடத்தில் அது நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று அவர் கண்டார். தமிழ் எழுத்து கன்னடத்தைவிட எளிது, கூட்டெழுத்துகள் நம்மிடம் அநேகமாக இல்லை. எனினும் அமைப்பு ஒரே குடும்பத்தது. அப்படியானால் இரண்டாம் வகுப்பு முடிவில் ஒரு குழந்தை ‘ணு’விலும் ‘நூ’விலும் தட்டுத் தடுமாறுவது மந்தமல்ல, அது பாதி வழியில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நம் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. மூன்று வயதில் எழுத்தைத் திணிக்கிறோம். எழுத்துக்கு உண்மையிலேயே பயிற்சி தேவைப்படும் ஏழு வயதில், ‘அதெல்லாம் முடிந்துவிட்டது’ என்று பாடத்துக்குள் ஓடுகிறோம்.

எதிலிருந்து தொடங்குவது என்பதும் பழைய விவாதம். அகர வரிசைப்படி போனால் முதல் எழுத்து அ. சுழித்து, வளைத்து, மடக்கி எழுத வேண்டிய கடினமான வடிவம். ட-வுக்கு இரண்டே கோடு, ப-வுக்கு மூன்று. அதனால்தான் ட, ப, ம என்று தொடங்கும் முறை ஆசிரியர்களிடையே வேரூன்றியது. எழுதவும் எளிது, உடனே படம், மடம், பட்டம் என்று பொருளுள்ள சொற்களும் கிடைத்துவிடும். 1990களின் அறிவொளி இயக்கத்தில் பெரியவர்களுக்கான பாடம் ‘பட்டா’ என்ற சொல்லிலிருந்து தொடங்கியதும் இதே வழிதான். நிலமில்லாதவருக்கு அதைவிட நெருக்கமான சொல் எது?

ஆவடிப் பக்கத்துக் குழந்தைக்கு இன்னும் நெருக்கமான சொற்கள் தண்டவாளத்தின் ஓரமே நிற்கின்றன. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி, பட்டாபிராம் என்று மஞ்சள் பலகையில் மூன்று மொழிகளில் எழுதிய ரயில் நிலையப் பெயர்கள். ஆவடி என்பதைக் கைதட்டிச் சொன்னால் மூன்று தட்டு, எழுத்தும் மூன்று. தமிழில் அசைக்கும் எழுத்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருப்பது பெரிய வசதி. ட, ப, ம, ர என்ற நான்கு எழுத்தோடு துணைக்கால், இகரக் குறி, புள்ளி மூன்றும் தெரிந்த பிள்ளை, ‘பட்டாபிராம்’ பலகையைத் தானே படித்துவிடும். தினமும் பார்த்த ஒரு பலகை திடீரென்று பேசத் தொடங்கும் அனுபவத்தை எந்தப் பயிற்சி ஏடும் தராது.

கையால் கற்பதில் சென்னைக்கு ஒரு வரலாறு உண்டு. 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதையே தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். முன்னே கற்ற பிள்ளை பின்னே வரும் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் அவர் லண்டனில் அச்சிட்ட சிறு நூலால் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி தொடங்கியபோது, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கும் முறை இங்கு வந்தது. மணலும் உப்புத்தாளும் ஒரே உண்மையைப் பிடித்திருக்கின்றன: வடிவம் முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும், பென்சில் பிறகு வரலாம். விஜயதசமியன்று நெல்லில் அ எழுதவைக்கும் குடும்பங்கள், மறுநாள் முதல் அதை மறந்து நாலுகோடு நோட்டை நீட்டுவது வருத்தமானது. ஒரு தாம்பாளமும் கொஞ்சம் ரவையும் போதும், ஆண்டு முழுக்க எழுதலாம்.

அரசுப் பள்ளிகளில் பெரிய மாற்றம் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் நடந்த முயற்சியைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்த செயல்வழிக் கற்றல் அது. பாடநூல் அட்டைகளாகப் பிரிந்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து அடுத்த அட்டையை எடுத்தது. சுவரின் கீழ்ப்பகுதியில், அதன் கைக்கெட்டும் உயரத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் கரும்பலகை. 2007இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அடி வாங்காமல், பயமில்லாமல், தன் வேகத்தில் படிக்கும் வகுப்பறையை லட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார்கள். இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதன் குறையையும் சொல்ல வேண்டும். குழந்தையும் அட்டையும் தனித்திருந்த நேரம் அதிகம், ஆசிரியர் வாய்விட்டுக் கதை படித்த நேரம் குறைவு. ஏணியில் ஏறியது எழுத்துத்தான், பேச்சு கீழேயே நின்றுவிட்டது.

‘எண்ணும் எழுத்தும்’ அந்த இடத்தைத் திருத்தப் பார்த்தது. வகுப்புக்குப் பதில் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைப் பிரித்தது. பாடல், கதை, வாசிப்பு, பொம்மலாட்டம் என்று வகுப்பறைக்குள்ளேயே களங்கள் வந்தன. 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பேர் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். எனவே ஒன்று முதல் மூன்று வரை ஒரே ஆசிரியர் நடத்தும் பள்ளிகள் ஏராளம். அங்கே இந்தப் பிரிவு பொருத்தமானது. அதே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. மொட்டு நிலைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது படிப்பதைக் காதால் கேட்க வேண்டிய நேரம், இணையம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு கழியக் கூடாது.

எந்த மொழியில் என்ற கேள்விக்கு இந்தப் பகுதியில் எளிய பதில் கிடையாது. ஆவடி பருத்திப்பட்டில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. 2022இல் முதலமைச்சர் நேரில் போனதால் பலர் அறிந்த இடம். அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, தமிழோடு உறவில்லாத இந்தோ-ஆரிய மொழி. அங்கிருந்து ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்குப் பாடநூலின் முதல் பக்கமே வேற்று மொழி. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் நிலையும் இதுவே. இவர்களிடம் எழுத்தை முதலில் நீட்டினால், ஒலி தெரியும், பொருள் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கூட்டியபின் கிடைப்பது அர்த்தமற்ற ஓசையாக இருந்தால், அது ஏன் மறுபடி கூட்ட வேண்டும்? பேச்சுத் தமிழ் பழகச் சில மாதங்கள், விளையாட்டும் பாட்டும் கதையுமாக, அந்தப் பிள்ளைகளுக்குத் தனியே தரப்பட வேண்டும்.

தமிழ் வீட்டுக் குழந்தைக்கும் இந்த இடைவெளி ஓரளவு உண்டு. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. வீட்டில் ‘இஸ்துகினு போனான்’, புத்தகத்தில் ‘இழுத்துக்கொண்டு சென்றான்’. புத்தகத்தின் மொழியை முதலில் காதால் நிறையக் கேட்ட பிள்ளைதான் அதைக் கண்ணால் சந்திக்கும்போது திடுக்கிடாமல் இருக்கும். தினமும் பத்து நிமிடம் யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்டுவதன் முதல் பயன் அதுதான். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்ததால் மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளையும் தமிழ் படிக்கிறது. ஆனால் பல வீடுகளில் தமிழ்க் கதைப் புத்தகம் என்று ஒன்றுகூட இல்லை, கைடு மட்டும் இருக்கிறது.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லாத காலம் இது. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்களை வெளியிட்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. பக்கத்துக்கு ஓரிரு வரி, பெரிய படம், நம் ஊர் மனிதர்கள். ஒரு குழந்தை முதல் நாளிலேயே ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்று சொல்ல முடிகிற புத்தகம் அது. இவை கிழிந்து போகும் என்ற பயத்தில் பீரோவில் பூட்டப்படும் இடங்களில் மட்டும் பயனற்றுப் போகின்றன. கிழிந்த கதைப் புத்தகம் நஷ்டமல்ல, யாரோ படித்திருக்கிறார்கள்.

எழுதுவதைப் பற்றி இன்னும் ஒன்று. நம் பள்ளிகளில் எழுதுதல் என்றால் பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல். குழந்தை தான் சொல்ல நினைத்ததை எழுதுவது மிக அபூர்வம். சென்னைப் பேச்சில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். ‘நான் பயம் சாப்பிட்டேன்’ என்று ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதினால், அது தன் காதில் விழுந்ததைத் துல்லியமாக எழுத்தாக்கியிருக்கிறது. அது பெரிய சாதனை. சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘பழம்’ என்று பத்து முறை எழுது என்றால் அந்தப் பிள்ளை அடுத்த முறை சொந்தமாக எழுதாது. வாக்கியத்தை வாங்கிப் படித்து, என்ன பழம், யார் வாங்கிவந்தது என்று கேட்டுவிட்டு, ழகரத்தை நாளைக்கு ஒரு கதையில் காட்டலாம். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் படிக்கப் படிக்கக் கண்ணால் தீரும். பத்து முறை எழுதியதால் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

சில குழந்தைகளுக்கு எவ்வளவு செய்தாலும் எழுத்து பிடிபடாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடுகிறது. அதன்பின்னும் நீடித்தால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990கள் முதல் சென்னையில் இதற்கென்றே ஆசிரியர்களைப் பழக்கிவருகிறது. ஐந்து வயதில் எழுத்தைத் திருப்பிப் போடும் எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. அந்த வயதில் அது இயல்பு.

2025-26இல் அரசு ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, அடிப்படை வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்காகத் ‘திறன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேவையான வேலை. ஆனால் ஏழு வயதில் கிடைக்க வேண்டிய நேரம் பன்னிரண்டு வயதில் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை அதற்குள் தனக்குப் படிப்பு வராது என்று நம்பியும் விடுகிறது. நேரத்தை முன்னே நகர்த்த அரசை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்களின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் இவற்றையும் கேட்கலாம்: ஒன்றாம் வகுப்பில் தினமும் கதை வாசிக்கப்படுகிறதா? வாரம் எத்தனை புத்தகம் வீட்டுக்கு வருகிறது? இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தனியாகப் படிப்பதை ஆசிரியர் மாதம் ஒரு முறையாவது கேட்கிறாரா? அதற்கு அவருக்கு நேரம் இல்லையென்றால், எந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும்?